போத்தலை விட்டு வெளிவரும் ஆர்க்கிட் கன்றுகள்: முதல் முப்பது நாள் பராமரிப்பு

ஆர்க்கிட் கண்காட்சிகளிலும் நாற்றுப் பண்ணைகளிலும் சின்னஞ்சிறு கன்றுகள் நெருக்கமாக வளர்ந்து நிற்கும் கண்ணாடிப் போத்தல்களை நம் வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். பூத்து நிற்கும் இரண்டு மூன்று செடிகளுக்குக் கொடுக்கும் பணத்தில், இருபது முப்பது கன்றுகள் அடங்கிய ஒரு போத்தல் கிடைத்துவிடும். ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கும், வீட்டோடு இருந்து நாலு காசு பார்க்க நினைக்கும் இல்லத்தரசிகளுக்கும் இது ஆசையைத் தூண்டும் கணக்குத்தான்.

ஆனால், வாங்கி வந்தவர்களை ஒரு மாதம் கழித்து விசாரித்துப் பாருங்கள். "எல்லாம் அழுகிப் போச்சுங்க. எனக்குக் கைராசி இல்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அத்துடன் வாளியையும் கரித்துண்டுகளையும் ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள்.

இதில் கைராசிக்கு வேலையே இல்லை. போத்தலை விட்டு வெளியே வந்த முதல் முப்பது நாளில் அந்தக் கன்றுக்கு என்ன தேவை, எது ஆகாது என்று தெரிந்துகொண்டால், முக்கால்வாசிக் கன்றுகளைக் காப்பாற்றிவிடலாம். தண்ணீர் இல்லாமல் சாகும் கன்றுகளைவிட, பாசத்தோடு ஊற்றப்பட்ட தண்ணீரில் அழுகிச் சாகும் கன்றுகளே அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

போத்தலுக்குள் ஏன் வளர்க்கிறார்கள்?

நெல்லுக்குள் அரிசி இருக்கிறது, பயற்றுக்குள் பருப்பு இருக்கிறது. முளைக்கும் செடிக்குத் தாய் கட்டிக் கொடுத்த சோறு அது. ஆர்க்கிட் விதையில் அந்தச் சோறு கிடையாது. தூசு போன்ற விதை. ஒரே காயில் லட்சக்கணக்கில் இருக்கும். காட்டில் அது விழும் இடத்தில் ஒருவகைப் பூசணம் இருந்து, விதைக்குள் புகுந்து உணவு ஊட்டினால்தான் முளைக்கும். பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் இந்த உறவை 1899ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

பூசணத்தின் துணை இல்லாமலேயே, சர்க்கரையும் தாது உப்புக்களும் கலந்த கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் நட்சன் காட்டினார். நம் வட்டாரத்தில் இந்த முறையைக் கையாண்டு பெரும் பயன் கண்டது சிங்கப்பூர்ப் பூமலை என்று நம்மவர்கள் அழைக்கும் தாவரவியல் பூங்கா. அதன் இயக்குநராக இருந்த எரிக் ஹோல்ட்டம் 1928ஆம் ஆண்டில் கலப்பின ஆர்க்கிட்களை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். 1931ஆம் ஆண்டில் அங்கு முதல் கலப்பினம் பூத்தது. ஸ்பேத்தோகுளோட்டிஸ் பிரிம்ரோஸ் என்பது அதன் பெயர். இன்று நம் வீட்டு வாசல்களில் தொங்கும் எத்தனையோ நிறத்து ஆர்க்கிட்கள் போத்தல் வழியாக வந்தவையே.

போத்தலின் அடியில் இருக்கும் கூழ் நமக்குப் புதியதன்று. விருந்தாளிகளுக்கு வெட்டி வைக்கிறோமே கடற்பாசி, அதே அகர் அகர்தான். அதில் சர்க்கரையும் உப்புச் சத்துக்களும் சேர்த்திருப்பார்கள். இளநீரும் வாழைப்பழமும் சேர்ப்பவர்கள் உண்டு. கூழ் கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது கரித்தூள் கலந்தது.

உள்ளே இருந்த சுகம்

போத்தலுக்குள் கன்றுக்கு மூன்று சுகங்கள் இருந்தன. முதலாவது, ஈரம் குறையாத காற்று. அதனால் இலையின்மேல் நீர் காக்கும் மெழுகுப் படலம் சரியாக உருவாவதில்லை. இலையில் உள்ள நுண்துளைகளும் வேளைக்கு மூடிக்கொள்ளப் பழகியிருப்பதில்லை. இரண்டாவது, தயாராகக் கிடைத்த சர்க்கரை. வெயிலைக் கொண்டு தானே உணவு சமைக்கும் தேவை கன்றுக்கு அதிகம் இருக்கவில்லை. மூன்றாவது, கிருமியே இல்லாத இடம்.

மூடியைத் திறந்த அன்றே இந்த மூன்றும் போய்விடுகின்றன. நீரைக் காக்கவும், உணவு சமைக்கவும், கிருமியைத் தாங்கவும் அது ஒரே சமயத்தில் கற்றாக வேண்டும். பச்சைப் பிள்ளையை ஒரே நாளில் பால் மறக்கடித்து, வெயிலில் விட்டு, கூட்டத்தில் அழைத்துப் போவதற்குச் சமம் இது.

தோட்டப்புறத்தில் செம்பனை நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். முளைவிட்ட விதையை எடுத்ததும் வெட்டவெளியிலா நடுகிறோம்? முதலில் சிறு பையில், நிழலுக்குக் கீழே, ஏறக்குறைய மூன்று மாதம். பிறகு பெரிய பை. அதன் பிறகே தோட்டம். ஆர்க்கிட் கன்றுக்கும் அதே படிகள்தாம்.

திறப்பதற்கு முன்பு

போத்தலை வாங்கி வந்த அன்றே உடைக்காதீர்கள். கன்றுகளை எங்கே வளர்க்கப் போகிறீர்களோ, அந்த நிழலான இடத்தில் ஒன்றிரண்டு வாரம் மூடியபடியே இருக்கட்டும். உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் அவை பழகிக்கொள்ளும். வெயில் மட்டும் போத்தல்மேல் நேராக விழவே கூடாது. மூடிய காருக்குள் உட்கார்ந்தால் எப்படியோ அப்படித்தான். அரை மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும்.

கன்று ஓர் அங்குல உயரத்துக்கு மேல் வளர்ந்து, இரண்டு மூன்று வேர்கள் நன்றாக ஓடியிருந்தால் எடுக்கலாம். அதைவிடச் சிறியதாக இருந்தால் பொறுத்திருங்கள். ஆனால், வழியில் குலுங்கிக் கூழ் உடைந்து கன்றுகள் கவிழ்ந்திருந்தாலோ, உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் படர்ந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது. அன்றே எடுத்துவிட வேண்டும்.

கன்றை எடுப்பதற்கு முந்தைய நாளே சாடிகளைத் தயார் செய்துவிடுங்கள். 4 அங்குல மண் சாடிகள் போதும். அடுப்புக்கரியைச் சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு உடைத்து, தூசு போகக் கழுவி, ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டுங்கள். எளிதில் தீப்பற்ற மருந்து சேர்த்து அச்சில் வார்த்த கரிக்கட்டிகள் வேண்டாம். சாதாரண மரக்கரியே நல்லது. பழைய சாடியாக இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

வெளியே எடுக்கும் முறை

மாலை வேளையோ மப்பு மந்தாரமான நாளோ இதற்கு ஏற்றது. போத்தலின் வாய் அகலமாக இருந்தால், சற்றே வெதுவெதுப்பான நீரை ஊற்றி மெல்லச் சுழற்றுங்கள். கூழ் தளர்ந்துவிடும். கம்பியின் முனையை வளைத்து, வேர்ப்பக்கமாகப் பிடித்து ஒவ்வொன்றாக இழுக்கலாம். வாய் குறுகியிருந்து கன்று பெரிதாகிவிட்டிருந்தால், போத்தலைப் பழைய செய்தித்தாளில் நான்கு சுற்றுச் சுற்றி, சுத்தியலால் அடிப்பாகத்தில் ஒரு தட்டுத் தட்டுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கண்ணாடிச் சில்லு கன்றோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மிக முக்கியமான வேலை. வேரில் ஒட்டிய கூழைத் துளிகூட விடாமல் கழுவ வேண்டும். அகலமான பேசினில் நீர் வைத்து, விரலால் மெல்லத் தடவி, இரண்டு மூன்று முறை நீரை மாற்றிக் கழுவுங்கள். அந்தக் கூழில் சர்க்கரை இருக்கிறது. மிச்சம் இருந்தால் பூசணம் ஓடிவந்து குடியேறிவிடும். வேரோடு கன்று அழுகும்.

கழுவிய கன்றுகளைப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்றாகப் பிரியுங்கள். கலந்து நட்டால் பெரியது சிறியதை அமுக்கிவிடும். பூந்தோட்டக் கடையில் விற்கும் பூசணக்கொல்லி மருந்தை, உறையில் அச்சிட்ட அளவுக்குமேல் போகாமல் கரைத்து, அதில் கன்றுகளை முக்கி எடுக்கலாம். கையுறை அணிந்துகொள்ளுங்கள். அந்தப் பேசினைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டு போகாதீர்கள். பிறகு செய்தித்தாளின்மேல் பரப்பி, வேரின் ஈரம் சற்றே வாடும்வரை நிழலில் வைத்திருங்கள். வேர் முறிந்த இடங்கள் காய்ந்து மூடிக்கொள்ள இது உதவும்.

ஒரே சாடியில் கூட்டுக் குடும்பம்

சாடியின் கீழ்ப் பாதியில் பெரிய கரித்துண்டுகள், அதன்மேல் சிறு துண்டுகள் போடுங்கள். 4 அங்குலச் சாடி ஒன்றில் பத்துப் பதினைந்து கன்றுகள் நடலாம். ஒற்றை ஒற்றையாகச் சாடியில் வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். சேர்ந்து நின்றால் ஒன்றுக்கொன்று ஈரம் காத்துக்கொள்ளும்.

வேரைக் கரித்துண்டுகளுக்கு இடையே விட்டு, கன்று சாயாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் சுற்றிலும் கரி போடுங்கள். இலையும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மேலே தெரிய வேண்டும். கழுத்தைப் புதைத்தால் அழுகல் நிச்சயம். மண் கூடவே கூடாது. மரத்தின்மேல் தொற்றி, காற்றில் வேரைத் தொங்கவிட்டு வாழும் இனத்துக்கு மண் மூச்சைத் திணறடிக்கும். தேங்காய் மட்டைத் துண்டு நல்லதுதான். ஆனால் நீரை நெடுநேரம் பிடித்து வைக்கும். மழைச் சாரல் அடிக்கும் இடமானால், இந்த வயதில் கரியே பாதுகாப்பு.

தண்ணீர்: காற்றுக்குக் கொடுங்கள், வேருக்கு அளந்து கொடுங்கள்

கன்றுக்கு ஈரக்காற்று வேண்டும். ஈரத்திலேயே ஊறும் வேர் வேண்டாம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வெற்றி.

நட்ட நாளில் குடம் குடமாக ஊற்றாதீர்கள். மறுநாள் காலையிலிருந்து, துணிக்கு இஸ்திரி போடும்போது தெளிக்கப் பயன்படும் தெளிப்பான் போன்ற ஒன்றால் பனி விழுவதுபோலத் தெளியுங்கள். காலையில் ஒரு முறை, வெயில் ஏறும் பத்து பதினொரு மணிக்கு ஒரு முறை, மிகவும் வறட்சியான நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை. அதற்குப் பிறகு வேண்டாம். பொழுது சாயும்போது இலை காய்ந்திருக்க வேண்டும். இலைக் குருத்தில் தேங்கிய நீரோடு இரவைக் கழிக்கும் கன்று மறுநாள் கறுத்துப் போயிருக்கும்.

இலை சுருங்கி வாடினால் நம் கை தானாகவே தண்ணீர்க் குவளையைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். கரியைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாராளமாக ஊற்றலாம். கரி ஈரமாக இருந்தும் இலை வாடியிருக்கிறது என்றால், வேர் அழுகத் தொடங்கிவிட்டது அல்லது காற்று அதிகமாக வறண்டிருக்கிறது என்று பொருள். அப்போது மேலும் ஊற்றுவது நோயைக் கூட்டுவதாகும்.

அடுக்குமாடி வீடுகளில் பத்தாவது பதினைந்தாவது மாடியில் இருப்பவர்களுக்குக் காற்று பெரிய எதிரி. நாள் முழுவதும் வீசி ஈரத்தைத் துடைத்துவிடும். இவர்கள் சாடியைச் சுற்றிக் குச்சிகள் நட்டு, தெளிவான பிளாஸ்டிக் பையால் கூடாரம்போல் மூடலாம். பையில் நாலைந்து துளைகள் இருக்கட்டும். முதல் வாரம் இப்படி வைத்து, இரண்டாம் வாரத்திலிருந்து காலையில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என்று திறந்து வையுங்கள். மூன்று வாரத்துக்குள் பையை எடுத்துவிட வேண்டும். தரை வீடுகளில் இருப்பவர்களுக்குக் கூடாரம் தேவையில்லை. கொட்டும் மழை நேராக விழாமல் மேலே தெளிவான கூரை ஒன்று இருந்தால் போதும்.

ஈரத்துக்காகச் சாடியின் கீழ் தட்டில் தண்ணீர் தேக்கி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அது வேண்டாம். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய நீர் போதும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பெரியது டிங்கிக் காய்ச்சல். தட்டில் மணலைப் பரப்பி, நீர் மேலே தேங்காத அளவுக்கு நனைத்து வைத்தால் அதே பயன் கிடைக்கும்.

நிழலும் உரமும்

முதல் இரண்டு மாதம் 70 விழுக்காடு வெயிலைத் தடுக்கும் கறுப்பு வலைக்குக் கீழே வையுங்கள். வலை இல்லையென்றால் கிழக்குப் பார்த்த அஞ்சடியோ நடைவழியோ போதும். கன்றுக்குமேல் கையை நீட்டினால் நிழல் மங்கலாகத் தெரிய வேண்டும். அழுத்தமான நிழல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லை என்றால் இருட்டு அதிகம். அதன் பிறகு சிறிது சிறிதாக வெளிச்சத்தைக் கூட்டி, 50 விழுக்காடு வலைக்குக் கொண்டு வரலாம்.

உரம் கொடுக்க எல்லாருக்கும் அவசரம். வேரின் நுனியில் பச்சையாகப் புதுமுனை தெரியும்வரை எந்த உரமும் வேண்டாம். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பிறகு நீரில் கரையும் உரத்தை, உறையில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் கரைத்து, வாரம் ஒரு முறை தெளியுங்கள். அரிசி கழுவிய நீர், தேயிலைச் சக்கை, சாணக் கரைசல் ஆகியவற்றைப் பெரிய செடிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிஞ்சுக் கன்றின் வேரில் அவை படிந்து பூசணத்துக்குத்தான் விருந்தாகும்.

கண் வைத்திருக்க வேண்டிய எதிரிகள்

அடித்தண்டில் நீர் கோத்ததுபோல் ஒரு புள்ளி. மறுநாள் அது பழுப்பு. மூன்றாம் நாள் கன்று சாய்ந்துவிடும். இதுதான் நாற்றழுகல். ஒன்றில் கண்டவுடன் அதைப் பிடுங்கி, சுற்றியுள்ள கரியோடு குப்பையில் போடுங்கள். "பிழைத்துக்கொள்ளுமோ" என்று விட்டுவைத்தால் அந்தச் சாடி முழுவதும் போய்விடும். மிச்சக் கன்றுகளுக்கு ஒரு நாள் தண்ணீரை நிறுத்தி, பூசணக்கொல்லி தெளித்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

இரவில் வருபவை வேறு. நத்தையும் கரப்பான்பூச்சியும் வேரின் பச்சை நுனியைக் கொறித்துவிடும். நுனி போன வேர் பிறகு நீளாது. மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குமேல் கைவிளக்கோடு சாடியின் அடியையும் பாருங்கள். அரிசி அளவு நத்தைகள் கரிக்குள் ஒளிந்திருக்கும். சாடியைத் தரையில் வைக்காமல் கம்பித் தட்டில் உயர்த்தி வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

சிறியதை எறிந்துவிடாதீர்கள்

விதைப் போத்தலில் உள்ள கன்றுகள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றைப்போல் ஒன்று இராது. 1960ஆம் ஆண்டில் பிரான்சின் ஜார்ஜ் மொரேல் காட்டிய வழியில், குருத்துத் திசுவிலிருந்து பெருக்கிய போத்தலில் மட்டுமே எல்லாக் கன்றும் தாய்ச்செடியை உரித்து வைத்ததாக இருக்கும். வாங்கும்போது எந்தவகை என்று கேட்டு வாங்குங்கள்.

விதைப் போத்தலில் மெதுவாக வளரும் கன்று மட்டமானது என்று முடிவு கட்ட வேண்டாம். மரபுக் கூறுகள் இரு மடங்காக அமைந்த கன்றுகள் மெதுவாகவே வளரும். ஆனால் அவற்றின் இதழ்கள் தடித்தும் பூ பெரிதாகவும் அமைவது உண்டு. எல்லாச் சிறு கன்றும் அப்படி ஆகிவிடாது. என்றாலும், பச்சை மாறாமல் வேர் விட்டுக்கொண்டிருக்கும் கன்றை அதன் உயரத்துக்காகத் தூக்கி எறிவது நியாயமில்லை. அவற்றுக்குத் தனியாக ஒரு சாடி கொடுங்கள்.

எத்தனை நாளில் பூக்கும்?

நான்கு முதல் ஆறு மாதத்தில் கன்றுகளைக் கூட்டுச் சாடியிலிருந்து பிரித்து, 2 அங்குலச் சாடிகளில் தனித்தனியே வைக்கலாம். டென்ட்ரோபியம் வகை, போத்தலை விட்டு வந்து இரண்டு மூன்று ஆண்டில் பூக்கும். வண்டா வகைக்கு அதைவிட அதிகப் பொறுமை வேண்டும். முதல்முறையாக முயல்பவர்கள் டென்ட்ரோபியத்தில் தொடங்குவது நல்லது. கேமரன் மலையின் குளிரில் பூக்கும் பெரிய சிம்பிடியம் வகைகளை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். சமவெளியில் இலை விடும், பூப்பது அரிது.

முப்பது கன்றில் இருபது பிழைத்தால் அது நல்ல கணக்கு. எல்லாமே பிழைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பத்துப் போனதற்காகச் சோர்ந்துவிடவும் வேண்டாம்.

காட்டுக்கும் இது நன்மை

காட்டு ஆர்க்கிட்களை வேரோடு பிடுங்கி வந்து சாலையோரம் விற்பவர்களிடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். கினபாலு மலைச் சாரலில் மட்டுமே வளரும் ரோத்ஸ்சைல்ட் பெயர் கொண்ட செருப்பு ஆர்க்கிட், இப்படிப்பட்ட திருட்டால் அழிவின் விளிம்புக்குப் போன செடி. ஒரு செடியைக் காட்டிலிருந்து எடுத்தால் காட்டில் ஒன்று குறைகிறது. ஒரு காயைப் போத்தலில் விதைத்தால் ஆயிரம் கன்றுகள் கிடைக்கின்றன.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா 1995ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அத்தீவில் அருகிப்போன உள்நாட்டு ஆர்க்கிட்களைப் போத்தலில் முளைக்க வைத்து, வளர்த்து, பூங்காக்களிலும் சாலையோர மரங்களிலும் திரும்பக் கட்டி வைத்தார்கள். உலகிலேயே மிகப் பெரிதாக வளரும் புலி ஆர்க்கிட்டும் அவற்றில் ஒன்று. அந்த மரங்களில் இப்போது நிற்கும் செடிகளும் ஒருகாலத்தில் ஓர் அங்குல உயரத்தில், கூழ் கழுவப்பட்டு, யாரோ ஒருவர் காலையும் பகலும் தெளித்த பனிநீரில் பிழைத்தவைதாம்.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை ஒரு போத்தல் கையில் கிடைத்தால், மூடியைத் திறப்பதற்கு முன் நாட்காட்டியில் முப்பது நாளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பிறகு திறங்கள். காலையில் ஐந்து நிமிடம், பகலில் ஐந்து நிமிடம் போதும். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், வேரில் பச்சை நுனி வந்துவிட்டதா என்று தினமும் பார்த்துச் சொல்லும் வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள்.